இன்ஜின் நின்ற விமானம் நெடுஞ்சாலையில் இறங்கினால்? தெப்ராவ் ரோட்டை வைத்து ஒரு கணக்கு

2023 ஆகஸ்ட் 17, வியாழக்கிழமை. லங்காவியிலிருந்து பிற்பகல் 2.08க்குப் புறப்பட்ட ஒரு சிறிய ஜெட் விமானம், 2.48க்கு சுபாங் விமான நிலையத்தில் இறங்க அனுமதி பெற்றது. சில நிமிடங்களில் அது ஷா ஆலாம், எல்மினா பகுதியில் கத்ரி நெடுஞ்சாலையை ஒட்டிய சாலையில் விழுந்து தீப்பிடித்தது. ஆபத்து என்று விமானத்திலிருந்து ஓர் அழைப்புகூட வரவில்லை. உள்ளே இருந்த 8 பேரும் இறந்தார்கள். பகாங் மாநில ஆட்சிக்குழு உறுப்பினர் ஜொஹாரி ஹருணும் அவர்களில் ஒருவர்.

ஆனால் மொத்த இறப்பு எண்ணிக்கை 10. மீதி இருவருக்கும் அந்த விமானத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. ஒருவர் மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார், இன்னொருவர் காரில்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். எல்மினாவில் நடந்தது ரோட்டில் தரையிறங்கும் முயற்சி இல்லை. தரையிறங்கிய பிறகு மட்டுமே விரிய வேண்டிய இறக்கைத் தகடுகள், பறந்துகொண்டிருக்கும்போதே தவறுதலாக விரிந்ததால் விமானம் கட்டுப்பாட்டை இழந்தது என்று போக்குவரத்து அமைச்சின் விமான விபத்து விசாரணைப் பிரிவு தன் இறுதி அறிக்கையில் சொன்னது. பைலட்டுக்கு ரோட்டைத் தேர்ந்தெடுக்க நேரமே இருக்கவில்லை.

பைலட்டுக்குக் கொஞ்சம் நேரம் இருந்தால்? இன்ஜின் நின்றுவிட்டது, விமானம் இன்னும் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது, கீழே நேராக ஒரு நெடுஞ்சாலை தெரிகிறது. இறங்கலாமா? அமெரிக்காவில் சிறிய விமானங்கள் ரோட்டில் இறங்கும் வீடியோக்களை நீங்களும் பார்த்திருப்பீங்க. பெரும்பாலும் எல்லாரும் கைதட்டுவதோடு அவை முடிந்துவிடும். அதே காட்சியை நம்ம ஊர் தெப்ராவ் நெடுஞ்சாலையில் வைத்துப் பார்த்தால் எப்படி இருக்கும் என்பதுதான் இங்கே கேள்வி.

கையில் இருப்பது 80 விநாடி

இன்ஜின் நின்றதும் விமானம் கல் மாதிரி கீழே விழுந்துவிடாது. பறவை சிறகை அசைக்காமல் மிதந்து வருவதைப் போல, சரிந்தபடியே முன்னால் போகும். உலகம் முழுக்கப் பயிற்சிப் பள்ளிகளில் பார்க்கக்கூடிய நான்கு இருக்கை செஸ்னா 172ஐ எடுத்துக்கொள்வோம். காற்று இல்லாத நேரத்தில், சரியான வேகத்தில் ஓட்டினால், 1 மீட்டர் உயரத்தை இழக்கும்போது சுமார் 9 மீட்டர் முன்னேறும். அந்தச் சரியான வேகம் மணிக்குச் சுமார் 125 கி.மீ.

நகரங்களுக்கு மேலே பறக்கும்போது, சுற்றியுள்ள மிக உயரமான கட்டடத்தைவிடக் குறைந்தது 300 மீட்டர் உயரே இருக்க வேண்டும் என்பது அனைத்துலக விதி. சிக்காகோ உடன்படிக்கையின் 2ஆம் இணைப்பில் இது இருக்கிறது. இப்போ கணக்குப் போடுங்க. 300 மீட்டர் உயரத்தில் இன்ஜின் நின்றால், சுமார் 2.7 கி.மீ. தூரம் போகலாம். அதற்கு ஆகும் நேரம் ஏறக்குறைய 80 விநாடி. சிவப்பு விளக்கில் அதைவிட அதிக நேரம் நின்றிருப்போம்.

அந்த 80 விநாடியும் இடம் தேடுவதற்கு மட்டும் இல்லை. வேகத்தைச் சரிசெய்யணும், இன்ஜினை மறுபடி இயக்கிப் பார்க்கணும், கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குச் சொல்லணும், எரிபொருளை அடைக்கணும், கதவைக் கொஞ்சம் திறந்து வைக்கணும் (மோதினால் கதவு நெளிந்து சிக்கிக்கொள்ளாமல் இருக்க). விமானத்தைத் திருப்பினால் உயரம் இன்னும் வேகமாகக் குறையும். அதனால் பைலட்டுக்கு உண்மையில் கிடைக்கும் வட்டம் 2.7 கி.மீ.யைவிடச் சின்னது.

தெப்ராவிலிருந்து செனாய் விமான நிலையம் நேர்கோட்டில் 15 கி.மீ.க்கு மேல். 3,800 மீட்டர் நீள ஓடுபாதை அங்கே காத்துக்கிட்டு இருக்கலாம். ஆனால் இன்ஜின் இல்லாமல் அங்கே போய்ச் சேர, 1,700 மீட்டருக்கு மேல் உயரம் கையில் இருந்திருக்க வேண்டும். 300 மீட்டரில் இருக்கிற பைலட்டுக்கு செனாய் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

மேலே இருந்து ரோடு எப்படித் தெரியும்?

அழகாகத் தெரியும். அதுதான் பிரச்சினை.

உயரத்திலிருந்து பார்த்தால் நெடுஞ்சாலை ஒரு சாம்பல் நிற ரிப்பன். நீளம், நேர், கெட்டியான தரை, நடுவில் வெள்ளைக் கோடு. ஓடுபாதைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று கண் சொல்லும். இன்னொரு காரணம் மனசு. அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறையின் பைலட் கையேடு, அவசர நேரத்தில் பைலட்டை ஏமாற்றும் மனநிலைகளில் ஒன்றாக "விமானத்தைக் காப்பாற்ற வேண்டும்" என்ற ஆசையைச் சொல்கிறது. வயலில் இறக்கினால் சக்கரம் ஒடியும், இறக்கை நசுங்கும். ரோட்டில் இறக்கினால் கீறல் இல்லாமல் தப்பிக்கலாம். அந்த ஆசை ரோட்டுப் பக்கம் இழுக்கும்.

செஸ்னாவின் இறக்கை நுனிக்கு நுனி 11 மீட்டர். ஒரு விரைவுச்சாலை லேன் சுமார் 3.65 மீட்டர். அதாவது மூன்று லேனை அடைத்தால்தான் இந்தச் 'சின்ன' விமானம் உள்ளே வரும்.

இப்போ கீழே இறங்கி, தெப்ராவ் நெடுஞ்சாலையில் நின்று பாருங்க. ஜொகூர் பாருவிலிருந்து பாண்டான், தெப்ராவ் வழியாக உலு திராம், கோத்தா திங்கி பக்கம் போகும் 3ஆம் எண் கூட்டரசுச் சாலையின் ஒரு பகுதி இது. இரண்டு பக்கமும் விளக்குக் கம்பம். நடுவில் தடுப்பு. நடைபாலம், மேம்பாலம், ரோட்டுக்குக் குறுக்கே நிற்கும் பெரிய பச்சைப் பலகைகள். லாரி போகும் உயரத்துக்கு மேலே இவை இருப்பதால் காரில் போகும் நமக்கு எதுவுமே தடையாகத் தெரியாது. மேலிருந்து சரிந்து வரும் விமானத்துக்கு ஒவ்வொன்றும் ஒரு வாசல். அந்தப் பாலத்துக்கு முன்னாலேயே தரையைத் தொட்டு நின்றுவிட வேண்டும், அல்லது பாலத்தைத் தாண்டி அப்புறம் இறங்க வேண்டும். இன்ஜின் ஓடினால் "சரி, கொஞ்சம் மேலே ஏறித் தாண்டிப் போவோம்" என்று முடிவை மாற்றலாம். நின்றுபோன இன்ஜினோடு அந்த வசதி கிடையாது.

எல்லாவற்றையும்விட மோசம் மின்கம்பி. காற்றிலிருந்து பார்த்தால் கம்பி கண்ணுக்கே தெரியாது. தெரியும்போது நேரம் கடந்திருக்கும். அதனால்தான் "கம்பியைத் தேடாதே, கம்பத்தைத் தேடு" என்று பயிற்சியில் சொல்லிக்கொடுப்பார்கள். ரோட்டின் இரண்டு பக்கமும் கம்பம் இருந்தால், நடுவில் குறுக்கே கம்பி இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளணும். புறநகர்ச் சாலைகளில் அது பெரும்பாலும் சரியான ஊகம்தான்.

அப்புறம் வாகனங்கள். பைலட்டுகள் பொதுவாக வாகனங்கள் போகும் திசையிலேயே இறங்கப் பார்ப்பார்கள். காரணம் எளிது: விமானம் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் தரையைத் தொடுகிறது, கார்கள் 90இல் போகின்றன என்றால் இரண்டுக்கும் வித்தியாசம் 10 கி.மீ.தான். எதிர்த்திசையில் இறங்கினால் அது 190 ஆகிவிடும். ஆகவே போக்குவரத்து சீராக ஓடும் ரோட்டில், வாகனங்களுக்கு நடுவே ஓர் இடைவெளி கிடைத்தால், தப்பிக்க வாய்ப்பு உண்டு. சாயங்காலம் ஏயோன் தெப்ராவ் சிட்டி, ஐக்கியா பக்கம் போகும் வரிசையை நினைச்சுப் பாருங்க. வாகனங்கள் நின்றுகொண்டிருந்தால் அந்த 90 கி.மீ. சலுகை காணாமல் போய்விடும். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் மோட்டார் சைக்கிள்கள் காலையில் எப்படிப் போகும் என்று ஜொகூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அவர்களைச் சுற்றி இரும்புக்கூடு எதுவும் இல்லை.

ஒரு சின்ன விஷயம், ஆனால் முக்கியம்: இன்ஜின் நின்ற விமானம் சத்தம் போடாது. திசை சரியாக இருந்தால் அது உங்களுக்குப் பின்னாலிருந்துதான் வரும். ரோட்டில் போகும் யாரும் வானத்தைப் பார்த்து ஓட்டுவதில்லை.

நல்லபடியாக முடிந்ததும், முடியாததும்

2022 ஜூலையில் அமெரிக்காவின் வட கரோலைனா மாநிலத்தில், மலைகளுக்கு நடுவே போகும் நெடுஞ்சாலையில் ஒற்றை இன்ஜின் விமானம் ஒன்று இறங்கியது. விமானத்திலிருந்த கேமரா எல்லாவற்றையும் பதிவு செய்தது. கம்பிகளையும் எதிரே வந்த கார்களையும் தவிர்த்து, யாருக்கும் காயமில்லாமல் பைலட் இறக்கினார். அந்த வீடியோ உலகம் சுற்றி வந்தது.

2016 ஏப்ரலில் கலிஃபோர்னியாவின் ஃபால்புரூக் அருகே, 15ஆம் எண் நெடுஞ்சாலையில் லான்கேர் வகைச் சிறிய விமானம் ஒன்று இறங்கியது. சறுக்கிக்கொண்டே போய், ரோட்டு ஓரத்தில் நிறுத்தப்பட்டிருந்த ஒரு காரின் பின்பக்கத்தில் மோதியது. காரில் இருந்த ஒரு பெண் இறந்தார், ஐந்து பேர் காயமடைந்தார்கள். இதில் திகைக்க வைக்கும் செய்தி ஒன்று உண்டு. அதே விமானம் 2000ஆம் ஆண்டில் அதே நெடுஞ்சாலையில் ஏற்கெனவே ஒருமுறை அவசரமாக இறங்கியிருந்தது. அப்போது யாரும் சாகவில்லை.

பெரிய விமானம் என்றால் கணக்கு இன்னும் கடுமை. 2024 பிப்ரவரி 9 அன்று ஃபுளோரிடாவின் நேப்பிள்ஸ் நகருக்கு வந்த சேலஞ்சர் 604 ஜெட் விமானத்தில் இரண்டு இன்ஜினும் நின்றன. ஓடுபாதை வரை வர முடியாது என்று கோபுரத்துக்குச் சொன்ன பைலட்டுகள் 75ஆம் எண் நெடுஞ்சாலையில் இறக்கினார்கள். விமானம் வாகனங்களில் உரசி, சாலையோரச் சுவரில் மோதித் தீப்பிடித்தது. இரண்டு பைலட்டுகளும் இறந்தார்கள். உள்ளே இருந்த மற்ற மூவரும் பின்பக்கச் சாமான் கதவு வழியாக வெளியேறித் தப்பித்தார்கள்.

மூன்று சம்பவங்களிலும் பைலட்டுகள் தங்களால் முடிந்ததைச் செய்தவர்கள்தான். அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில் அர்த்தம் இல்லை. ஆனால் ஃபால்புரூக்கில் அந்தக் காருக்குள் இருந்தவர் எந்த ஆபத்துக்கும் சம்மதம் சொல்லவில்லை. விமானத்தில் ஏறுகிறவருக்கு அது ஆபத்தான காரியம் என்பது கொஞ்சமாவது தெரியும். ரோட்டில் போகிறவருக்கு எதுவும் தெரியாது. 2ஆம் இணைப்பு சொல்லும் 300 மீட்டர் விதிக்குப் பின்னால் இந்த நியாயம்தான் இருக்கிறது. நகரத்துக்கு மேலே பறந்தால், அவசரம் வந்தாலும் தரையில் இருக்கும் மக்களுக்கும் சொத்துக்கும் தேவையற்ற ஆபத்து இல்லாமல் இறங்கக்கூடிய உயரத்தில் பறக்கணும் என்கிறது அந்த விதி.

ரோடு வேண்டாம் என்றால் வேறு எங்கே?

திறந்த வெளி. திடல், வயல், புல்வெளி. 'இவ்வளவு சின்ன இடத்தில் எப்படி?' என்று தோன்றலாம். இதில்தான் அந்தக் கையேடு ஓர் ஆச்சரியமான கணக்கைச் சொல்கிறது. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் போகும் விமானம் ஒரே சீராக வேகம் குறைந்தால், மனித உடல் தாங்கக்கூடிய அளவில் நிற்க அதற்கு வேண்டிய தூரம் வெறும் 3 மீட்டர். வேகம் இரட்டிப்பாகி 160 ஆனால், தூரம் நான்கு மடங்காகி சுமார் 11.5 மீட்டர். விமானம் உருப்படியாக இருக்காது, அது வேறு. உள்ளே இருப்பவர்கள் பிழைக்க நூற்றுக்கணக்கான மீட்டர் ஓடுபாதை அவசியமில்லை. மெதுவாகத் தரையைத் தொடுவதும், தொடும்போது விமானம் கட்டுப்பாட்டில் இருப்பதும்தான் அவசியம். இறக்கையும் சக்கரமும் நசுங்கி, அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளட்டும்.

ஜொகூரில் பறக்கிறவர் கண்ணில் அதிகம் படுவது செம்பனைத் தோட்டம். மேலிருந்து பச்சை மெத்தை மாதிரி இருக்கும். ஆனால் அது மெத்தை இல்லை. ஒவ்வொரு மரமும் ஒரு தடித்த தூண். 2024 பிப்ரவரி 13 அன்று சிலாங்கூர், காப்பார் பகுதியின் கம்போங் தோக் மூடாவில் செம்பனைத் தோட்டத்தில் விழுந்த இரண்டு இருக்கை விமானத்தில் இருந்த இருவருமே இறந்தார்கள். அதுவும் கட்டுப்பாட்டோடு இறங்கிய சம்பவம் இல்லை, எனவே நேரடியாக ஒப்பிட முடியாது. மரங்கள்மேல் இறங்கியே ஆக வேண்டும் என்றால், வேகத்தை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்து, விமானத்தின் உடல் இரண்டு மரத்துக்கு நடுவே போகும்படி பார்க்கச் சொல்லிக்கொடுப்பார்கள். தோட்டத்துக்குள் போகும் மண்பாதை கிடைத்தால் நல்லது. அங்கே லாரி வரலாம், ஆனால் பள்ளி பஸ் வரிசை இருக்காது.

தண்ணீர்? 2009 ஜனவரியில் நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் இறங்கிய பயணிகள் விமானத்தில் இருந்த 155 பேரும் பிழைத்தார்கள். சுற்றிலும் நெடுஞ்சாலைகள் நிறைந்த ஊரில் அந்த பைலட் தேர்ந்தெடுத்தது ஆற்றை.

இதையெல்லாம் வைத்து ரோட்டில் இறங்கவே கூடாது என்று சட்டம் போட முடியாது. கீழே முழுக்க வீடுகள், ஒரே ஒரு ரோடு மட்டும் காலியாக இருக்கிறது என்றால் ரோடுதான் வழி. அந்த நேரத்தில் விமானத்தைப் பொறுப்பேற்றிருக்கும் பைலட்தான் முடிவெடுக்க முடியும், எந்த நாட்டு விதியும் அவரிடமிருந்து அந்த உரிமையைப் பறிக்காது. பின்னால் விசாரணை வரும், அது வேறு கதை.

பக்கத்து நாட்டில் ரோட்டிலேயே போர் விமானம் இறங்கியதே?

ஆமாம், தெப்ராவ் நீரிணைக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூரின் லிம் சூ காங் சாலையில். தெங்கா விமானப்படைத் தளத்தை ஒட்டிய அந்தச் சாலை, 'டோரண்ட்' என்ற ராணுவப் பயிற்சியின்போது 2,500 மீட்டர் நீளமும் 24 மீட்டர் அகலமும் உள்ள ஓடுபாதையாக மாறியது. 1986இல் தொடங்கிய பயிற்சி இது. இந்தியாவிலும் 2021 செப்டம்பரில் ராஜஸ்தான் நெடுஞ்சாலை ஒன்றில் 3 கி.மீ. நீளப் பகுதியை அவசர ஓடுபாதையாகத் திறந்தார்கள்.

ஆனால் லிம் சூ காங்கில் என்ன செய்தார்கள் என்று பார்க்கணும். முதலில் சாலையை மூடினார்கள். விளக்குக் கம்பங்களையும், பஸ் நிறுத்தங்களையும், அறிவிப்புப் பலகைகளையும் கழற்றி எடுத்தார்கள். சின்னக் கல்கூட இன்ஜினுக்குள் போகாமலிருக்கத் தரையைக் கூட்டினார்கள். தற்காலிக விளக்குகள் வைத்தார்கள். விமானம் இறங்கும்போது அங்கே ஒரு மோட்டார் சைக்கிள்கூட இருந்ததில்லை. அப்போது அது ரோடே இல்லை, ஓடுபாதை.

ரோட்டில் நீங்கள் இருந்தால்

வாய்ப்பு மிகக் குறைவு. இருந்தாலும் தெரிஞ்சு வைத்துக்கொள்ளலாம். விமானம் தாழ்வாகச் சாலைக்கு மேலே வருவதைப் பார்த்தால், சட்டென்று பிரேக் அடிக்காதீங்க. நீங்கள் உருவாக்கும் நெரிசலே அதற்குத் தடையாகிவிடும். அபாய விளக்கைப் போட்டு, படிப்படியாக வேகத்தைக் குறைத்து இடப்பக்கம் ஒதுங்குங்கள். வெளியேறும் வழி இருந்தால் சாலையை விட்டே போய்விடுவது நல்லது. ஃபால்புரூக் சம்பவத்தில் அடிபட்டது ஓரத்தில் நின்ற கார் என்பதை மறந்துவிட வேண்டாம். ஓரத்தில் நிறுத்தினால் வண்டியிலேயே உட்கார்ந்திருக்காமல், தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்கள்.

விமானம் நின்ற பிறகு 999க்கு அழையுங்கள். எந்தச் சாலை, எந்தத் திசை, பக்கத்தில் எந்தக் கிலோமீட்டர் கல் என்று சொன்னால் தீயணைப்பு மீட்புத் துறைக்கு நேரம் மிச்சம். செஸ்னா 172இன் இறக்கைத் தொட்டிகளில் 200 லிட்டருக்கு மேல் பெட்ரோல் நிரப்பலாம். இறக்கை கிழிந்திருந்தால் அது ரோட்டில் ஓடும், அதனால் சிகரெட்டும் வேண்டாம், பக்கத்தில் இன்ஜின் ஓடும் வண்டியும் வேண்டாம். முன்பக்க விசிறி நின்றிருந்தாலும் அதன் அருகே போகாதீங்க, அது மறுபடி சுற்றக்கூடும். உதவி செய்யப் போனால் இறக்கைக்குப் பின்னாலிருந்து போங்கள்.

சிர்ரஸ் போன்ற சில சிறிய விமானங்களில் முழு விமானத்தையும் தாங்கும் பாராசூட் உண்டு. அதை வெளியே தள்ளுவது ஒரு சின்ன ராக்கெட். பாராசூட் விரியாமல் விமானம் கீழே வந்திருந்தால் அந்த ராக்கெட் இன்னும் உள்ளேயே, வெடிக்கத் தயாராக இருக்கலாம். விமானத்தின் உடலில் அதைப் பற்றி எச்சரிக்கை ஒட்டியிருக்கும். அந்தப் பக்கம் ஒதுங்கியே நில்லுங்கள்.

உங்கள் காரின் முன்பக்கக் கேமராவில் ஏதாவது பதிவாகியிருந்தால் அதை அழித்துவிட வேண்டாம். எல்மினாவில் விமானம் விழுந்த அந்தச் சில விநாடிகள் அப்படி ஒரு கார் கேமராவில் பதிவாயின. இறந்தவர்களின் குடும்பத்துக்குச் செய்தி போகும் முன்பே அது வாட்ஸ்அப்பில் சுற்றுவது ஒருவகை. போலீஸிடமோ விசாரணைப் பிரிவிடமோ போய்ச் சேருவது இன்னொரு வகை. விமானத்தின் உடைந்த துண்டு ஒன்று உங்கள் காலடியில் கிடந்தாலும் எடுக்காதீங்க, கிடந்த இடத்திலேயே இருக்கட்டும். எந்தத் துண்டு எங்கே விழுந்தது என்பதிலிருந்துதான் விசாரணை தொடங்கும்.